அத்தையின் மெஸ்ஸில் நான் சேர்ந்த வருஷம்

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் என் மனைவியின் அம்மா என்னிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளைக்கு எதிரே மாமியார் வந்து நிற்க மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். "மாப்ளைக்கி இன்னும் ரெண்டு இட்லி வெய்யி" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். "போதும்னு சொல்லு" என்று நான் தட்டைப் பார்த்துச் சொல்வேன். நடுவில் என் மனைவி, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்குது? நான் என்னா போஸ்ட்மேனா?" என்பாள்.

எனக்கு அந்தப் பழக்கம் வசதியாகவே இருந்தது. நான் சின்ன வயசிலிருந்து கூச்சப்படுகிறவன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தித் தையல் வேலைக்கு வந்தேன். துணியோடு பேச வேண்டியதில்லை என்பது அதில் எனக்குப் பிடித்த விஷயம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டு, பள்ளிக்கூட யூனிபாரமும் ஜாக்கெட்டும் தைத்தேன். பெண்கள் அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். அங்கேயும் பேச்சு மிச்சம். என் மனைவி இதற்கு நேர் எதிர். ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். வேண்டாம் என்று வந்தவரையும் பேசிப் பேசியே வாங்க வைத்துவிடுவாள். காலை ஒன்பதுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அத்தை சிதம்பரத்தில் இருந்தார். மாமா கரும்பு லாரி ஓட்டியவர். நெல்லிக்குப்பம் ஆலைக்கு லோடு கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அவர் காலமானபோது என் மனைவிக்குப் பத்து வயசு, அவள் தம்பிக்கு ஆறு. அத்தை யார் வீட்டுக்கும் போய் நிற்கவில்லை. வீட்டிலேயே ஒரு மெஸ் ஆரம்பித்தார். பல்கலைக்கழகத்தில் படிக்க வெளியூரிலிருந்து வந்த பையன்கள், ஒரு சமயத்தில் நாற்பது பேர், அவர் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போர்டு கிடையாது, பெயர் கிடையாது. ராத்திரிக்கு இட்லி, தோசை, கத்தரிக்காய் கொத்சு. இருபத்தைந்து வருஷம் அப்படி நடத்தி, மகளைக் கட்டிக் கொடுத்து, மகனைப் படிக்கவைத்துச் சென்னையில் வேலைக்கு அனுப்பிவிட்டு, முட்டி வலி வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தார்.

அந்த மெஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. அத்தை யாரையும் "போதுமா?" என்று கேட்க மாட்டார். இலையைப் பார்ப்பார், அடுத்த தோசையைப் போடுவார். ஏன் என்று என் மனைவி ஒருமுறை கேட்டதற்கு, "போதுமான்னு கேட்டா வெக்கப்படற புள்ள போதும்னுடும். அப்பறம் ராத்திரி பூரா பசியில கெடக்கும்" என்றாராம். இதை என் மனைவி சொன்ன நாளிலிருந்து, கதவுக்குப் பின்னால் நின்று எனக்கு இட்லி வைக்கச் சொன்ன குரலின் மேல் எனக்குத் தனி மரியாதை.

சுனாமி வந்ததற்கு மறு வருஷம், அதாவது 2005இல், நாங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய் வந்துகொண்டிருந்தோம். அத்தை முன்னைவிட அதிக நேரம் கதவுக்குப் பின்னால் நிற்பதுபோல் எனக்குத் தோன்றியது. ஒரு நாள் நான் மட்டும் போனேன். அவருக்குத் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றார். குடிக்கத் தண்ணீர் வரவில்லை. "மாப்ளைக்கி" என்ற குரலும் வரவில்லை. அரை மணி நேரம் நான் கூடத்தில், அவர் கதவுக்குப் பின்னால். மகள் என்னோடு வரவில்லை, யார் மூலமாகச் சொல்வார் பாவம் என்று நினைத்து, ஜாக்கெட்டை நாற்காலி மேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உங்கம்மா மாதிரி மரியாதை தெரிஞ்சவங்க கெடையாது" என்றுகூடச் சொன்னேன்.

மறு வருஷம் சிதம்பரத்தில் பக்கத்து வீட்டம்மா போன் செய்தார். "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. உங்கம்மா தெனம் நாலு தடவ மார்க்கெட்டு போறாங்க." நாங்கள் போய்ச் சமையற்கட்டைத் திறந்தபோது நாற்றம் அடித்தது. கூடையில், அண்டாவில், பரணில், மாமாவின் பழைய தகரப் பெட்டியில்கூடக் கத்தரிக்காய். பாதி அழுகியிருந்தது. நாற்பது பேருக்குக் கொத்சு செய்யத் தேவையான அளவு, நாள்தோறும் வாங்கி, வாங்கியதை மறந்து, மறுபடி வாங்கியிருக்கிறார். என் மனைவி அந்தக் கத்தரிக்காய் நடுவில் உட்கார்ந்து அழுதாள். அத்தை அவள் தலையைத் தடவி, "ஏம்மா அழுவற? பரிட்சையில ஃபெயிலா?" என்றார்.

சிதம்பரத்திலேயே ஒரு டாக்டரிடம் போனோம். இன்று என்ன கிழமை என்று அவர் கேட்டார். "கேலண்டர பாத்தா தெரியுமே, எங்கிட்ட கேக்கறீங்க" என்றார் அத்தை. டாக்டர் சிரித்தார். பிறகு என்னைக் காட்டி, "இவரு யாரும்மா?" என்றார். அத்தை முந்தானையை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"மாப்ளை முன்னாடி பேச மாட்டாங்க சார். அது எங்க வழக்கம்" என்றாள் என் மனைவி.

டாக்டர் பேனாவை மூடினார். "பேச மாட்டாங்களா? இல்ல, தெரியலையா?"

என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது. "யாரோ தெரியல. எம்பொண்ணு கூட்டியாந்துது. பாவம், நல்ல மனுசன் மாதிரிதான் இருக்குது."

அந்த அரை மணி நேரம், நான் மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்ட அந்த அரை மணி நேரம், முன்பின் தெரியாத ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று அத்தை பயந்து நின்றிருக்கிறார். ஒரு வருஷம் முன்பே தெரிந்திருக்க வேண்டியது. எங்கள் பழக்கமே அந்த நோய்க்குத் திரை போட்டுக் கொடுத்துவிட்டது. கடலூர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு இதைத் தவிர வேறு நினைப்பில்லை.

நோயின் பெயர் அல்சைமர் என்றார் டாக்டர். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்றாலும், பெரும்பாலும் புதிதாக நடந்தவை முதலில் போகும், பழையவை கடைசியில் போகும் என்றார். அவர் சொன்னது எனக்குத் தையலாகப் புரிந்தது. அரிசி மூட்டையின் வாயைச் சங்கிலித் தையலில் மூடுவார்கள். கடைசியாகப் போட்ட முனையைப் பிடித்து இழுத்தால், முதல் தையல் வரை தானாக ஓடிப் பிரியும். நான் அந்தக் குடும்பத்துக்குள் வந்தது கடைசிப் பக்கத்துத் தையல். அதனால் முதலில் பிரிந்தது நான்.

அத்தையை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். சிதம்பரம் வீட்டை உடனே காலி செய்ய மனசு வராமல் பூட்டி வைத்தோம். காலை ஒன்பதுக்கு என் மனைவி வேலைக்குப் போய்விடுவாள். பிறகு எட்டு மணி வரை நானும் அத்தையும். என் மனைவி முதல் நாள் புறப்படும்போது, "ரெண்டு ஊமைங்களும் பத்திரமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் சமையற்கட்டில், நான் முன்னறையில். சாப்பாட்டுத் தட்டை வாசற்படியில் வைத்து, ஒரு முறை இருமிவிட்டு நகர்ந்துவிடுவேன். திரும்பி வந்து பார்த்தால் சாப்பிட்டிருப்பார்.

மாலை நாலு மணிதான் பிரச்சினை. அதுவரை அமைதியாக இருக்கிறவர் எழுந்து, "நாழியாச்சி, நாழியாச்சி" என்று நடக்க ஆரம்பிப்பார். கதவைத் தாழ்ப்பாள் போட்டால் தட்டுவார், அழுவார். ஒரு நாள் நான் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே போய்விட்டார். ஓடிப் போய்ப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் நடுத்தெருவில் மாமியாரின் கையைப் பிடித்து நிறுத்த எனக்கு வரவில்லை. கூப்பிடவும் வாய் வரவில்லை. பத்தடி பின்னால் நடந்தேன். கடைத்தெரு வழியாகப் பஸ் ஸ்டாண்டு வரை போனோம். அவர் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறினேன். மூன்று சீட் தள்ளி உட்கார்ந்து, கண்டக்டரிடம் விரலைக் காட்டி அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். இன்றைக்கும் என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மாமியாரைத் தடுக்கக் கூச்சப்பட்டு ஊர் விட்டு ஊர் போன மாப்பிள்ளை உலகத்தில் நான் ஒருவன்தானாம்.

சிதம்பரத்தில் இறங்கியதும் அத்தை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எந்த நாள், எந்த வருஷம் என்று தெரியாதவர், நாலு திருப்பம் திரும்பி நேராகத் தன் வீட்டு வாசலில் போய் நின்றார். பூட்டு தொங்கியது. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு திரும்பினார். பத்தடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னா தம்பி, அதுக்குள்ள வந்துட்ட? இன்னும் அடுப்பே பத்த வெக்கல."

பதினெட்டு வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, "அத்தை, நான் உங்க மாப்ளை" என்றேன்.

அவர் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். பதறி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பூட்டிய கதவின் மூலையில் ஒண்டி நின்றார். மாப்பிள்ளையைத் "தம்பி" என்று கூப்பிட்டுவிட்ட அவமானம். உடம்பு நடுங்கியது. நான் எதிர்வீட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் முதுகுக்குப் பின்னால் குரல்: "என்னா தம்பி, அதுக்குள்ள வந்துட்ட?"

இந்த முறை நான், "பசி எடுத்துடிச்சிம்மா" என்றேன்.

"பசின்னா சொல்லணும். சும்மா நின்னுகிட்டிருந்தா எனக்கு எப்டி தெரியும்?"

"கத்தரிக்கா கடலூர்ல நல்லா இருக்குதாம்மா. வாங்கியாந்துடலாமா?"

அத்தை யோசித்தார். "நீ வந்து தூக்குவியா?"

"தூக்கறம்மா."

இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கடலூர் திரும்பினோம். அப்படித்தான் நான் அத்தையின் மெஸ்ஸில் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு நாலு மணி எனக்குப் பயமாக இல்லை. மூன்றே முக்காலுக்கு மெஷினை நிறுத்திவிட்டு, அருவாமனையையும் அரைக்கிலோ கத்தரிக்காயையும் அவர் முன்னால் வைப்பேன். "நாழியாச்சி" என்று எழப்போகிறவர் கத்தரிக்காயைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார். கை தானாக நறுக்கும். ஒரு நாள்கூட விரலை வெட்டிக்கொண்டதில்லை. புளி கரைப்பதும் மாவு கலக்குவதும் தோசையை வட்டமாக இழுப்பதும் கைக்குத் தெரியும். ஆனால் செய்து முடித்தது நினைவில் நிற்காது. அதனால் உப்பு மட்டும் என் பொறுப்பு. அடுப்பைப் பற்றவைப்பதும் அணைப்பதும் நான். அவர் தோசை ஊற்றும்போது பக்கத்திலேயே நிற்பேன்.

நறுக்கிக்கொண்டே பேசுவார். தினமும் அதே கேள்வி.

"எத்தினியாவது வருஷம் படிக்கிற?"

"பத்தாவதும்மா."

"பத்தாவதா!" அருவாமனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். "மீச நரச்சிருக்குது, இன்னும் பத்தாவதா? எத்தினி தடவ ஃபெயிலு?"

"ஒரு தடவதாம்மா."

"பொய் சொல்லாத. போய் படி. தோச ஆவறதுக்குள்ள ஒரு பாடம் படிச்சிடலாம்."

முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று பதில் சொன்னவன், கொஞ்ச நாளில் வாத்தியார் அடித்த கதை, காப்பி அடித்து மாட்டிய கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். நேற்று சொன்னதையே இன்றைக்கும் சொல்லலாம். அவருக்குப் புதுசு. கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை கடை சீக்கிரம் மூடி என் மனைவி ஆறு மணிக்கே வந்துவிட்டாள். உள்ளே நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றிருக்கிறாள். உள்ளே வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "எங்கிட்ட ஒரு நாளு இவ்ளோ பேசியிருப்பீங்களா? இதுல தெனம் கத்தரிக்கா வேற. எனக்கு அது பேர கேட்டாலே கொமட்டுது." அப்படிச் சொல்லிக்கொண்டே தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மாறுவதையெல்லாம் எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். அத்தை தன் கணவரைத் தேடுவார். இறந்துவிட்டார் என்று சொன்னால் அப்போதுதான் கேள்விப்படுவதுபோல் கதறுவார். பத்து நிமிஷத்தில் சேதி மறந்துவிடும், அழுகை மட்டும் சாயங்காலம் வரை நிற்கும். ஆகவே அன்றிலிருந்து "லோடு ஏத்திகிட்டுப் போயிருக்காரு" என்று சொன்னோம். ஒரு நாள் என் மனைவி அவசரத்தில் அவரைத் திட்டிவிட்டாள். திட்டியது மறந்துபோனது, முகவாட்டம் போகவில்லை. காரணம் போய்விடும், மனசு பட்டது போகாது என்று எழுதினேன். கண்ணாடியில் தெரிவது யார் என்று கேட்டார். துணி போட்டு மூடினேன். நாளின் பெயர் போனது, பிறகு மாதத்தின் பெயர். எதிர்வீட்டுக்காரரின் முகம் போனது. சில நாள் எல்லாம் திரும்பி வந்ததுபோலவும் இருக்கும். டாக்டர் அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பத்தாவது என்றேன். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒன்றைப் படித்து ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அது முதல் தடவை.

2008இல் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு மச்சான் சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தார். முன்கூட்டிச் சொல்லியிருந்ததால் என் மனைவி லீவு போட்டிருந்தாள். சென்னைக்குப் பக்கத்தில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் இடம் வாங்கிவிட்டாராம். அன்றைக்கே கூட்டிப்போக வந்திருந்தார்.

"சொந்தக்காரங்க என்னா பேசறாங்க தெரியுமா அக்கா? புள்ள இருக்கும்போது அம்மா மாப்ள ஊட்ல கெடக்குறாங்கன்னு பேசறாங்க" என்றார்.

"கெடக்குறாங்களா? யாருடா சொன்னது? அவங்கள வந்து ஒரு வேள சோறு ஊட்டிட்டுப் பேசச் சொல்லு!"

"அதுக்கில்லக்கா. மாமா பாவம், தொழில பாப்பாரா, காவல் காப்பாரா? அங்க டாக்டர் இருக்காரு, நர்ஸ் இருக்காங்க. நான் அம்மாவ தூக்கிப் போட்டுட்டா போறேன்?"

மச்சான் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை வந்து பார்க்கிறவருக்கு, போன முறை தெரிந்த அம்மா இந்த முறை இல்லை என்பதுதான் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது வேறு. புது இடத்தில், புது முகங்களுக்கு நடுவில், நாலு மணி அடிக்கும்போது அத்தை எழுந்து "நாழியாச்சி" என்பார். கதவைச் சாத்துவார்கள். மாப்பிள்ளை என்று நான் சொன்னபோது பூட்டிய கதவின் மூலையில் ஒண்டி நடுங்கினாரே, அந்த நடுக்கத்திலேயே மிச்ச வருஷங்களைக் கழிப்பார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்காவும் தம்பியும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. அத்தை மூலையில் உட்கார்ந்து, எதற்கு என்று தெரியாமலே முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தார். கூடத்தில், மச்சான் வந்ததும் அவருடைய துணியை மடித்து வைத்த பை தயாராக இருந்தது.

மணி மூன்றே முக்கால் ஆனது. நான் எழுந்து போய் அருவாமனையையும் கத்தரிக்காயையும் கொண்டுவந்து வைத்தேன்.

அத்தையின் கை முந்தானையை விட்டது. நறுக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் மச்சான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. புளி கரைவதையும் கொத்சு கொதிப்பதையும் நான் உப்புப் போடுவதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தோசை தயாரானதும் பாய் போட்டேன். அத்தை தட்டோடு வந்து மச்சான் எதிரே நின்றார்.

"புதுசா சேந்தியா தம்பி? எந்த ஊரு?"

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, நான்தாம்மா. உன்..." நான் அவர் முழங்கையைத் தொட்டு, தலையை ஆட்டினேன். அவர் பாயில் நேராக உட்கார்ந்தார். "சென்னைம்மா."

"அவ்ளோ தூரத்துலேந்தா? ஊட்ல அம்மா தேடுவாங்க. வாரம் ஒரு லெட்டராவது போடு." தோசையை வைத்தார். கொத்சுவை ஊற்றினார். "சாப்புடு. வெக்கப்படாத." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "தோ, இந்தத் தம்பி இருக்குது பாரு. இதுதான் ரொம்ப வெக்கம். ரொம்ப வருஷமா நம்ம மெஸ்லதான் சாப்புடுது. ஒரு நாளு இது சரியில்ல, அது சரியில்லன்னு சொன்னதில்ல. வாயத் தொறந்து கேக்காது. நாந்தான் எலையப் பாத்துப் போடணும்."

என்னைக் கேட்காமலே என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

நான் மாப்பிள்ளை என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் பதினெட்டு வருஷமும் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. நிஜமா, என் நினைப்பா என்று தெரியாது. டாக்டரிடமும் கேட்கவில்லை. அந்தத் தோசையைப் பார்த்துக்கொண்டே நான் பேச ஆரம்பித்தேன்.

"மச்சான், அவுங்கள அனுப்ப மாட்டேன்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க நல்ல டாக்டர் இருப்பாங்க. நான் இல்லன்னு சொல்லல. நாலு மணிக்கு கத்தரிக்கா யாரு குடுப்பா? அவரு எங்கன்னு கேட்டா, லோடு ஏத்திகிட்டுப் போயிருக்காருன்னு யாரு சொல்லுவா? என்னா, ஏதுன்னு தெரியாம பயந்துபோவாங்க மச்சான். இங்க அவுங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லதான். ஆனா பயம் இல்ல. என் தொழிலுக்கு ஒண்ணும் ஆவல. காலையில ரெண்டு மணி நேரம் சீக்கிரம் உக்காந்து தெக்கறேன். யாரு என்னா பேசனாலும் பேசட்டும். அவுங்க இங்க இருக்கட்டும்."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். காது சூடாகிவிட்டது.

மச்சான் சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போன இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து மெல்லிய குரலில், "அம்மாவுக்கு என்ன தெரியலியே மாமா" என்றார்.

"காரு ஓட்டிகிட்டு வந்த மச்சான தெரியல. ஆறு வயசு மச்சான நல்லா தெரியும். தெனம் கேக்கறாங்க, தம்பி ஸ்கூல்லேந்து வந்துட்டானா, பால் குடிச்சானான்னு. குடிச்சிட்டு வெளையாடப் போயிருக்கான்னு சொல்லுவேன். வேணும்னா நோட்ட பாருங்க."

அளவு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். என் மனைவி அந்தப் பையிலிருந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப பீரோவில் வைத்தாள்.

கார் காலியாகச் சென்னை திரும்பியது. அதற்குப் பிறகு மச்சான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியாக நாலு மணிக்கு முன்னால் வந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் புதுசாகச் சேர்ந்த சென்னைப் பையனாக உட்கார்ந்து, வீட்டுக்கு லெட்டர் போடச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிடுவார்.

அந்தத் தையல் அதோடு நிற்கவில்லை. 2010இல் மெஸ்ஸும் போய்விட்டது. அத்தை கல்யாணத்துக்கு முந்தின பெண்ணாகி, கம்மாபுரம் பக்கத்துத் தன் ஊரில் கொல்லைக்குக் களையெடுக்கப் போக வேண்டும் என்றார். நான் சில நாள் அவருடைய அண்ணன், சில நாள் யாரோ. பிறகு வார்த்தைகளும் போயின. மாலை நேரத்தில் என் மெஷின் ஓடும் சத்தத்துக்கு அவருடைய வலது கை மட்டும் காற்றில் வட்டமாகச் சுற்றும். தோசை இழுக்கிறார் என்பது எங்கள் மூவருக்குத்தான் தெரியும். 2011 கடைசியில் அடித்த தானே புயலுக்குச் சில மாதம் முன்னால், எங்கள் வீட்டில், என் மனைவியின் மடியில் தலை வைத்தபடி போய்ச் சேர்ந்தார். கடைசி வரை அவர் பயந்து நான் பார்க்கவில்லை.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், "ஒங்க மாமியாரு ஒங்க ஊட்லயே அஞ்சு வருஷம் இருந்தாங்களாமே. அந்தக் காலத்து மனுஷி, மாப்ள முன்னாடி நின்னு ஒரு வார்த்த பேசியிருக்க மாட்டாங்களே?" என்றார். எதிர்ப் பந்தியில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக நான் இலையைப் பார்த்துத் தலையை ஆட்டியிருப்பேன்.

"பேசாம என்னா? தெனம் சாயங்காலம் பேசுவாங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "என்ன போய்ப் படின்னு திட்டுவாங்க."